மேசைக்கு அடியில் ஒரு காமிக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். கிளாவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1952இல் பிறந்தவர். தார்ம்ஷ்டாட் நகரத்துப் பக்கம் பல் செட் செய்து கொடுக்கும் தொழில் பார்த்தார். அந்த வேலை அவர் மனதுக்கு ஒட்டவே இல்லை, அதனால் வீட்டின் அடித்தளத்தில் இருந்த அறையில் உட்கார்ந்து சொந்தமாக போர்டு கேம் உருவாக்க ஆரம்பித்தார். 1988இல் அவருடைய பார்பரோசா, ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான பரிசை வாங்கியது. அப்புறம் 1990, 1991 என்று வரிசையாக இரண்டு முறை. அப்போதும் பல் செட் வேலையை விடவில்லை.

சரி, உலகத்துக்கே அவரைத் தெரிய வைத்தது 1995இல் வந்த கட்டான். அதற்கு நாலு வருடம் உழைத்தார். கீழே உட்கார்ந்து திருத்துவார், வார இறுதியில் மேலே கொண்டுவந்து மனைவி பிள்ளைகளோடு ஆடிப் பார்ப்பார். சில நாள் ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பையன் மேசைக்கு அடியில் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான், மனைவிக்குத் திடீரென்று துவைக்க வேண்டிய துணி ஞாபகம் வந்துவிடும். ஆட்டம் மறுபடி கீழே போகும், திருத்தத்துக்கு.

எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது இங்கேதான். ஏனென்றால் கட்டானில் யாரும் காமிக்ஸைக் கையில் எடுக்க முடியாது. 19 அறுகோண அட்டைகள் சேர்ந்தால் ஒரு தீவு: காடு, வயல், மேய்ச்சல் நிலம், களிமண் மேடு, மலை, ஒரு பாலைவனம். பாலைவனம் தவிர எல்லாவற்றின் மேலும் ஒரு எண் இருக்கும். பகடையை யார் உருட்டினாலும் சரி, விழுந்த எண்ணுக்குரிய நிலத்தின் மூலையில் வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் மரமோ செங்கல்லோ தானியமோ சீட்டாகக் கிடைக்கும், ஆகவே அடுத்தவர் உருட்டும்போதும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு பகடையில் அதிகம் விழுவது ஏழு, 36க்கு 6 வாய்ப்பு. அந்த ஏழு என்ற எண்ணை அவர் எந்த நிலத்துக்கும் தராமல் திருடன் என்ற காய்க்குக் கொடுத்தார். ஏழு விழுந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைப் போட்டுவிட வேண்டும். பதுக்கினால் போச்சு! அதனால் பேச்சு தொடங்குகிறது, ‘ஒரு செங்கல் கொடு, ரெண்டு ஆடு தரேன்’ என்று. எதிராளியிடம் கேட்டு வாங்காமல் ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம். அதோடு, ஆட்டம் முடியும்வரை யாரும் வெளியேற்றப்படுவதும் கிடையாது.

பகடைக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டு இதை வியூக ஆட்டம் என்பதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் இரண்டு வீட்டை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

மூன்று கோடிக்கும் மேல் விற்றது. ஜெர்மன் பாணி ஆட்டங்கள் என்று ஒரு வகை இருப்பதே அமெரிக்காவில் பலருக்கு இதன் மூலம்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில்தான் டாய்பர் பழைய தொழிலை விட்டார். 2023 ஏப்ரல் 1 அன்று, 70 வயதில் காலமானார். அடுத்த வருடம் கட்டான் வரிசையில் ஒரு புது ஆட்டம் வந்தது, நிலக்கரி, எண்ணெய் வழியில் மின்சாரம் எடுப்பதா, காற்று, சூரியன் பக்கம் போவதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டிய ஆட்டம். உருவாக்கியவர்கள் என்று அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று கிளாவுஸ் டாய்பர். இன்னொன்று, அவர் மகன் பெஞ்சமின் டாய்பர்.