மணி அடிக்கும் முன்பே முடிந்த வேலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் ஆசிரியரைப் பற்றிப் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் இன்றைக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சில நிமிடங்களை, காலை மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே வந்து வேலையைத் தொடங்கிவிடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வகுப்பறை கூட்டுகிறவர், கழிப்பறை கழுவுகிறவர், வாட்ச்மேன், ஆயாம்மா, பேருந்து ஓட்டுநர், அவருடன் வரும் உதவியாளர், சமையற்கூடத்தில் நிற்பவர், ஆய்வக உதவியாளர், அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவர். ஆண்டு மலரில் இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘மற்றும் பணியாளர்கள் அனைவருக்கும்’. அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டாம் வகுப்பு. பாடம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு குழந்தை திடீரென்று வாந்தி எடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவை மூக்கைப் பிடிக்கின்றன, சில சிரிக்கின்றன. ஆசிரியர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு அனுப்புகிறார். அவர் வந்து போவதற்குள் நடப்பதை நாம் ‘சுத்தம் பண்ணிட்டாங்க’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

தேர்ந்த கை அதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். முதலில் குழந்தையை அங்கிருந்து நகர்த்துவார். மற்ற குழந்தைகளை இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார வைப்பார், சன்னலைத் திறப்பார். வயிற்றைக் கலக்கும் நோரோ வைரஸ் போன்ற கிருமிகள் வாந்தியிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளாலும் பரவும் என்பதால் இது முக்கியம். பிறகு கையுறை, முகக்கவசம். கொட்டியதன் மேல் பழைய தாளையோ மரத்தூளையோ போட்டு மூடி, ஈரத்தை உறிஞ்ச விடுவார். அள்ளும்போது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளுவார். நடுவிலிருந்து தொடங்கினால் இழுத்த இழுப்பில் தரை முழுக்கப் பரவும். அள்ளியதைப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போடுவார். அடுத்து சோப்புத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி.

கிருமிநாசினிக்கு ஓர் அளவு உண்டு. புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும் திரவ பிளீச்சாக இருந்தால், 20 மில்லிலிட்டரை 980 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் கிடைக்கும். அதைத் தரையில் ஊற்றி, குறைந்தது 5 நிமிடம் ஈரமாகவே விட்டு, அதன் பிறகு வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாந்தியை அள்ளாமல் அதன் மேலேயே பிளீச்சை ஊற்றினால், அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஊற்றியவுடன் துடைத்தால் வாசனைதான் மிஞ்சும். நேற்றுக் கலந்து வெளிச்சத்தில் வைத்த கரைசலில் வீரியம் குறைந்துபோயிருக்கும், அதனால் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். எல்லாவற்றையும் விட ஆபத்து, ‘நல்லா வெளுக்கும்’ என்று கழிப்பறை ஆசிட்டோடு பிளீச்சைச் சேர்ப்பது. கிளம்புவது குளோரின் வாயு. மூடிய கழிப்பறைக்குள் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். சிறுநீர் தேங்கிய இடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவாமல் பிளீச் ஊற்றினாலும் கண் எரியும் வாயு வரும். தினமும் இதைக் கையாளுகிறவருக்கு இது யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். இருமி இருமிக் கற்றுக்கொண்டவர்கள் நிறைய.

இவ்வளவும் நடக்கும்போது அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? ஆயாம்மா அதைத் தன் உடம்பால் மறைத்தபடி வெளியே கூட்டிப் போயிருப்பார். வாய் கொப்பளிக்க வைப்பார். மாற்றுச் சட்டை ஒன்றை எங்கிருந்தோ எடுப்பார். அந்த ‘எங்கிருந்தோ’ என்பது பெரும்பாலும் அவரே துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கும் பழைய துணி. கால்சட்டையை நனைத்துவிட்ட குழந்தையாக இருந்தால், வகுப்புக்குக் கேட்கும்படி, “தண்ணி பாட்டில் கொட்டிடுச்சா கண்ணு, வா மாத்திக்கலாம்” என்பார். அந்த ஒரு வாக்கியம் அந்தக் குழந்தைக்கு ஒரு வருடத்துக் கேலியைத் தவிர்த்துவிடும். எந்தப் பணி விவரத்திலும் அது எழுதப்பட்டிருக்காது.

மற்றவர்களைக் கொஞ்சம் விரைவாகவே பார்த்துவிடுவோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கழிப்பறையில் சாக்கடை நாற்றம் வரவில்லை என்றால், முந்தின நாளே யாரோ ஒருவர் தரையில் இருக்கும் ஒவ்வொரு வடிகால் துளையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வளைகுழாயில் நிற்கும் தண்ணீர்தான் கீழே இருக்கும் வாயுவைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் அது வற்றிவிடும். அவரே குழாய்களையும் திறந்து, நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரை ஓட விட்டிருப்பார்.

ஆய்வகத்தில் மாணவர் கையில் கிடைக்கும் நீர்த்த கந்தக அமிலம் எப்படி வந்தது? உதவியாளர் தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கியிருக்கிறார். மாற்றி, அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு புட்டிக்குக் கண்ணாடி மூடி போடாமல் ரப்பர் மூடி போட்டிருப்பவரும் அவரே. கண்ணாடி மூடி என்றால் இறுகிப்போய்த் திறக்க வராது. சோதனை சரியாக வந்தால் பாராட்டு மாணவருக்கும் ஆசிரியருக்கும்.

பேருந்தில், கடைசி நிறுத்தம் முடிந்த பிறகு ஓட்டுநரோ உதவியாளரோ பின் இருக்கையிலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு வரிசையாக, இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். தூங்கும் சின்னக் குழந்தை சரிந்து கிடந்தால் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாது. பூட்டிய வண்டி வெயிலில் நின்றால் சில நிமிடங்களிலேயே சூடு ஏறத் தொடங்கிவிடும். அதே போல, குழந்தை இறங்கியதும் வண்டியை எடுக்காமல், அது வண்டியின் முன்பக்கத்தை விட்டு மூன்று மீட்டராவது விலகி, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குப் போகும் வரை காத்திருப்பார். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிகிற குழந்தையை உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவரால் பார்க்க முடியாது. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும் என்று நிற்பவர் அவர்.

அலுவலக எழுத்தர் செய்வது சத்தமே இல்லாத வேலை. படிவத்தை வாங்கிக்கொண்டு தயங்கி நிற்கும் பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அவர் புரிந்துகொண்டு, “கொடுங்க, நானே நிரப்பிடறேன், எனக்குத்தான் இந்தக் கட்டமெல்லாம் பழக்கம்” என்பார். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அங்கே ஓர் எழுத்து மாறினால் அது சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும்.

சரி, இவர்களுக்கு நன்றி சொல்வது எப்படி?

வழக்கமாக நடப்பது இது. ஆண்டுக்கு ஒரு நாள், காலை பத்து மணிக்கு, எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரே மாதிரி ஒரு பரிசுப் பொட்டலம், ஒரு புகைப்படம். இரவுக் காவலர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார். விடியற்காலைப் பணியாளரின் நேரமும் முடிந்திருக்கும். மேடையேறியவர்களோ, விழா முடிந்ததும் தங்களுக்காகப் போட்ட நாற்காலிகளைத் தாங்களே அடுக்கிவிட்டு, தங்களுக்காகத் தூவிய காகிதத் துண்டுகளைத் தாங்களே கூட்டுவார்கள். விழா வைப்பது தப்பில்லை. வைப்பதற்கு முன் பணி நேரப் பட்டியலை வாங்கி, யார் எப்போது இருப்பார்கள் என்று பாருங்கள். தேவையானால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். அன்றைக்குக் கூட்டுவதை ஆசிரியர்களும் பெற்றோரும் ஏற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, கூப்பிடும் விதம். இருபத்தைந்து வயது ஆசிரியர், ஐம்பத்தைந்து வயது தூய்மைப் பணியாளரை ‘வா, போ’ என்று ஒருமையில் பேசினால், பக்கத்தில் நிற்கும் முப்பது குழந்தைகளும் அந்த இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளும். அதைத் திருத்த எந்தப் பாடநூலாலும் முடியாது. ‘வாங்க, போங்க’ என்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது வேலைச் சுமை. ஒரு வகுப்பில் 40 நாற்காலி, பள்ளியில் 20 வகுப்பு என்றால் 800 நாற்காலி. ஒன்று மூன்று கிலோ என்று வைத்தாலும், கூட்டுவதற்காக அவற்றை மேசை மேல் தூக்கி வைக்க ஒரு மாலையில் 2400 கிலோ. குழந்தைகள் கிளம்பும்போது ஆளுக்கு ஒன்று தூக்கி வைத்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். உடைந்த கண்ணாடி, பென்சில் சீவும் பிளேடு இவற்றை வெறுமனே குப்பைத் தொட்டியில் போடாமல், தாளில் சுற்றி மேலே எழுதி வைப்பதும் இதே கணக்குத்தான். தொட்டிக்குள் கை விடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு அது. ஆனால் இங்கே ஓர் எல்லையும் உண்டு: நன்றி கற்பிக்கிறோம் என்று குழந்தைகள் கையில் பிளீச்சையும் ஆசிட்டையும் கொடுத்துவிடக் கூடாது.

நிர்வாகம் செய்ய வேண்டியதைக் குழந்தைகளின் வாழ்த்து அட்டை ஈடுகட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பள்ளிகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை என்று கணக்குச் சொல்கிறது. 500 மாணவிகள் என்றால் 20 கழிப்பறை. ஒன்றுக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை என்றால் 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். இதை ஒரே ஆளிடம் கொடுத்து, மைதானத்தையும் அவரே கூட்ட வேண்டும் என்றால் எங்கேயோ ஒன்று விட்டுத்தான் போகும். திட்டும் அவருக்குத்தான் விழும். கையுறையும் இப்படித்தான். மொத்தமாகப் பெரிய அளவில் வாங்கி வைப்பார்கள். சின்னக் கைக்கு அது நழுவும், துடைப்பம் பிடிக்க வராது, கழற்றிவிடுவார். ‘கொடுத்தாலும் போட மாட்டேங்கறாங்க’ என்று குறை வேறு. கை அளவு கேட்டு வாங்கினால் போடுவார்கள். உட்கார ஓர் இடம், சாப்பிட ஓர் இடம், அவர்கள் கழுவும் கழிப்பறையில் ஒன்றைத் தாங்களும் பயன்படுத்தும் உரிமை, தேதி தவறாத சம்பளம். இவையும் நன்றிதான், கொஞ்சம் விலை உயர்ந்த நன்றி.

கடைசியாகக் கடிதம். நேயர்களில் பெற்றோரோ முன்னாள் மாணவரோ இருந்தால், இந்த வாரமே ஒன்று எழுதலாம். அரைப் பக்கம் போதும். என்றைக்கு, என்ன செய்தார், அதனால் குழந்தைக்கு என்ன நடந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘மிகவும் நல்லவர், அன்பானவர்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். ‘மழையன்று நான் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தேன், அதுவரை என் மகளைத் தனியாக விடாமல் வாயிலில் கூடவே நின்றார்’ என்று எழுதினால் அவருக்கு மட்டும்தான் பொருந்தும். குழந்தையின் அந்தரங்கத்தைத் தொடும் உதவியாக இருந்தால் விவரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை அவரிடம் நேரில் கொடுங்கள். படிக்கச் சிரமப்படுவார் என்று தோன்றினால், கொடுக்கும்போதே நீங்கள் படித்துக் காட்டலாம். ஒரு நகல் தலைமை ஆசிரியருக்கு, ‘பணிப் பதிவேட்டில் சேர்க்கவும்’ என்ற வரியோடு. ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் ஒப்பந்த நிறுவனத்துக்கும் ஒரு நகல். ஒப்பந்தம் மாறும்போது பத்து வருடம் வேலை பார்த்தவர்கூடப் புதிய ஆளாகிவிடுவார். அப்போது கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

எழுதுவதற்கு முன், அவர் பெயரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுத வேண்டாம். அதிலேயே பல வருடமாகத் தப்பாக இருக்கலாம்.

வணக்கம்.