மெர்மெய்ட் விடுதியும் 21 கையெழுத்தும்

தலைவர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர மேயர் அம்மையார் அவர்களே, வரலாற்றுக் கழகத்துப் பெரியவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம். மேயர் அம்மையார் போன பொங்கலுக்கும் வந்தார்கள். வெண்பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த அன்புக்கு நன்றி.

இங்கிலாந்தின் ரை நகரத்து மெர்மெய்ட் விடுதியின் கட்டடம், கள்ளக்கடத்தல், பேய்க்கதை என்று மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். சாராயக் கடையைப் பற்றி மேடையில் பேசுவதா என்று ஓர் அண்ணன் கேட்டார். பப் என்றால் பப்ளிக் ஹவுஸ், அண்ணா. ஊருக்குப் பொதுவான வீடு. இந்த நாட்டில் மரண விசாரணைகூட அங்கே நடந்திருக்கிறது.

சரி, கட்டடம். ரை பழைய துறைமுகம். 1377-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். மெர்மெய்டின் நிலவறை 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். மேலே இருப்பது 1420-இல் திரும்பக் கட்டியது. ஓக் மரச் சட்டம், இடையில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர். நம் தாத்தா வீட்டுச் சுவரும் அப்படித்தானே! நான் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன். கருத்து, எண்ணெய் தடவியதுபோல வழவழப்பு, நடுவில் விரல் நுழையும் வெடிப்பு. வண்டல் சேர்ந்து சேர்ந்து கடலே மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. விடுதி இருந்த இடத்தில் இருக்கிறது.

அப்புறம் ஹாக்ஹர்ஸ்ட் என்ற கள்ளக்கடத்தல் கும்பல். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு மெர்மெய்டில் குடிப்பார்களாம். 1747 அக்டோபரில் பூல் சுங்க மாளிகையை உடைத்து, பறிமுதலான தேயிலையைக் குதிரைகளில் ஏற்றினார்கள். போகும் வழியில் ஃபோர்டிங்பிரிட்ஜ் ஊரே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தைப்பவர். கும்பலில் ஜான் டைமண்ட், அவரோடு அறுப்பு வேலை பார்த்தவன். பழைய பழக்கத்தில் ஒரு பை தேயிலையை அவரிடம் வீசிவிட்டுப் போனான். ஒரே ஒரு பை! சேட்டர் அதை அக்கம்பக்கத்தில் சொன்னார். சேதி அதிகாரிகளுக்குப் போனது. சாட்சி சொல்லப் போன வழியில் ஒரு பப்பில் அவரையும், கூடப்போன சுங்க ஊழியர் வில்லியம் கேலியையும் கடத்தல்காரர்கள் மடக்கி, சித்திரவதை செய்து கொன்றார்கள். கும்பல் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் 1749-இல் தூக்கில் தொங்கினான். 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5-ஆகக் குறைத்த பிறகுதான் தேயிலைக் கடத்தல் படுத்தது.

மணி ஆகிறது, பேய்களை விட்டுவிடுகிறேன். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். மெர்மெய்ட் பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதனால் பயமில்லை. 2015-இல் லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை அனுமதியில்லாமல் இடித்தார்கள். ஆனால் அந்தத் தெருக்காரர்கள் முன்பே சந்தேகப்பட்டு, கட்டடத்தின் விவரங்களைப் பதிவு செய்ய வைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் செங்கல் செங்கல்லாகத் திரும்பக் கட்ட உத்தரவு வந்தது. 2021-இல் கதவு திறந்தது. 2023-இல் ஹிம்லி என்ற ஊரில் கிரூக்கெட் ஹவுஸ் என்ற பப் தீப்பிடித்து, இரண்டே நாளில் இடிபட்டது. பிறகு ஊரே அழுதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

நம் தெருமுனைப் பப்பும் விலைக்கு வந்திருக்கிறது. என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று மழையில் நமக்கு இடம் கொடுத்த கூடம் அது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் குழுவாகச் சேர்ந்தால் அதைச் சமூகச் சொத்தாகப் பதியக் கேட்கலாம். பதிவாகிவிட்டால், நாம் வாங்க விரும்புகிறோம் என்று சொல்லி ஆறு மாத அவகாசம் பெறலாம். படிவம் வாசலருகே மேசையில் இருக்கிறது. 14 பேர் போட்டுவிட்டார்கள். தேநீருக்குப் போகும் வழியில் இன்னும் ஏழு பேர் நின்று கையெழுத்துப் போடுங்கள்.