நார்ச்சத்து: கிராம் கணக்கில் வராதது

நேயர்களுக்கு வணக்கம்.

நார்ச்சத்து என்றதும் பலருக்கும் மலச்சிக்கல்தான் ஞாபகத்துக்கு வரும். பசி அடங்குவதிலும், சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதிலும்கூட அதற்குப் பங்கு உண்டு. ஆனால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் கிராம் கணக்கை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பத்துப் பேருக்கு முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள் கூழ், நார் நீக்கிய சாறு என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் கார்போஹைட்ரேட் 60 கிராம். பழத்தைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. வேகம்தான் காரணமோ என்ற சந்தேகம் வரும் அல்லவா? அதற்காக மூன்றையும் ஒரே வேகத்தில் சாப்பிட வைத்தார்கள். அப்போதும் வயிறு நிறைந்த உணர்வு பழத்தில்தான் அதிகம். அடுத்தது கூழ், கடைசியில் சாறு.

சர்க்கரை ஏறிய உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இறக்கத்தில் தெரிந்தது. சாற்றுக்குப் பிறகு சர்க்கரை சட்டென்று சரிந்தது, கூழுக்குப் பிறகு அதைவிடக் குறைவாக. பழத்துக்குப் பிறகு அந்தச் சரிவு இல்லை. சாற்றுக்கும் கூழுக்கும் இன்சுலினும் கூடுதலாகவே சுரந்தது.

இதில் கூழைத்தான் கவனிக்க வேண்டும். அதிலிருந்து நாரை யாரும் எடுத்துவிடவில்லை, மசித்தார்கள், அவ்வளவுதான். பழத்தின் சர்க்கரை செல்களுக்குள் இருக்கிறது, செல்சுவர்தான் நார். அதைப் பல்லால் மென்று உடைக்க நேரமாகும். மிக்ஸி அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

இன்னொன்று, பிசுபிசுப்பு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார், இசப்கோல் என்ற விதை உமி போன்றவை தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகும். இரைப்பை மெதுவாகக் காலியாகும். சர்க்கரை குடல் சுவரைச் சேரவும் நேரமெடுக்கும். 1978-இல் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர், இதே வகை நாரான கொத்தவரை விதைக் கோந்தின் பிசுபிசுப்பைப் போக்கிவிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் குணமும் கூடவே போய்விட்டது.

கோதுமைத் தவிட்டுக்கு அந்தப் பிசுபிசுப்பு கிடையாது. அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் அது பெரிதாக எதுவும் செய்யாது. கொரகொரப்பான தவிடு மலத்தைப் பெருக்கித் தள்ளும். அதையே நைஸாக அரைத்தால் சிலருக்கு மலம் இறுகவும் கூடும்.

சிறுகுடலில் செரிக்காத நார் பெருங்குடலுக்குப் போனதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் பியூட்டிரேட் பெருங்குடல் செல்களுக்கே முக்கிய எரிபொருள். இந்த அமிலங்கள் ஜிஎல்பி-1 போன்ற, பசியைத் தணிக்கும் ஹார்மோன்களையும் தூண்டக்கூடியவை. அதற்காக, ஒரு ஸ்பூன் பொடியைக் கலக்கிக் குடித்தால் பசியே எடுக்காது என்கிற விளம்பரத்தை நம்பச் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்று சொன்னபோதும், உணவில் இயல்பாகவே உள்ள நாரைத்தான் குறிப்பிட்டது.

நாரைக் கூட்டுவதென்றால் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வாயு பிரியும், மூன்றாம் நாளே வெறுத்துவிடும். இசப்கோலைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கவே கூடாது, தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளலாம். குடலில் சுருக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேறு மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் அது குறைக்கலாம் என்பதால், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை மாற்றப்போவதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.