ஒதுக்கி வைத்த டேக்குகள்

நண்பர்களே, ஒரு ராக் பாட்டை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், அது வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்றே தோன்றும். அந்த நினைப்பைக் கலைப்பவை ஸ்டூடியோவில் பதிவுசெய்து ஒதுக்கி வைத்த டேக்குகள்தான் (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை இசைத்துப் பதிவதும் ஒரு டேக்). அதனாலேயே எனக்கு அவற்றின் மேல் ஒரு கிறுக்கு.

1966 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவினர் லண்டனில் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டைத் தொடங்கினார்கள். முதல் டேக், இப்படி ஒதுக்கியவற்றைத் தொகுத்து 1996இல் வந்த ‘ஆந்தாலஜி 2’இல் இருக்கிறது. நாம் அறிந்த பல்லவி அதில் தொடக்கத்தில் இல்லை; நேராகச் சரணத்துக்குப் போகிறார் பாட்டை எழுதிய ஜான் லெனன். தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாக. பிறகு பல்லவியோடு தொடங்கும் மென்மையான வடிவம் ஒன்றும், டிரம்பெட், செல்லோ சேர்த்து முரட்டுத்தனமாக இன்னொன்றும் செய்தார்கள். லெனனுக்கு ஒன்றின் தொடக்கம் பிடித்தது, மற்றதன் மிச்சம் பிடித்தது. ‘இரண்டையும் ஒட்டிவிடலாமே’ என்றார். சுருதியும் வேறு, வேகமும் வேறு! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றி ஒட்டியே விட்டார்கள். சுமார் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. முதல் டேக்கைக் கேட்டபின் அந்த இடத்தில் காது தானாக நின்றுவிடும்.

எல்லா டேக்கும் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. பாதியில் நின்றுபோன தொடக்கங்களை வரிசையாகக் கேட்டால் கொட்டாவிதான் வரும். ஸ்ட்ராபெரியைப் பொறுத்தவரை மெருகேற்றியதுதான் உயர்ந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’? 1969 ஜனவரியில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பியானோவில் அமர்ந்து பாடியது. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் அதன்மேல் வயலின்களையும் பெண்கள் குரலையும் கொட்டினார். மெக்கார்ட்னிக்கு வந்த கோபம் ஊரறிந்தது. ‘ஆந்தாலஜி 3’இல் அதே டேக் அந்தப் பூச்சு இல்லாமல் வருகிறது. லெனனின் பேஸ் கிட்டார் அங்கங்கே தடுக்கி விழுகிறது, மறைக்க ஒன்றுமில்லை. நான் இதைத்தான் கேட்பேன்.

அப்புறம், அதே தொகுப்பில் குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’. அக்கூஸ்டிக் கிட்டாரும் ஆர்மோனியமும்தான். இசைத்தட்டில் விருந்தாளியாக வந்த எரிக் கிளாப்டனின் கிட்டார் அழுகிறது, அருமைதான். ஆனால் இதில் ஹாரிசன் கடைசியாகப் பாடும் சரணம் இசைத்தட்டில் இல்லவே இல்லை. அதை ஏன் வெட்டினார் என்று எனக்கு இன்னும் அவர்மேல் வருத்தம்.