முதல் நாற்காலி பெக்கம் அண்ணன் தம்பிக்கே

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்து இப்போதே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டிஷ் சிட்காம்களை, அதாவது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை, வரிசைப்படுத்தினால் முதலிடம் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’க்கா, ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’க்கா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அன்பர் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆடினார். பன்னிரண்டு! 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் 12 அத்தியாயங்கள், ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது என்றார். 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட பட்டியலில் அதுதான் முதலிடம் என்றார். இரண்டும் உண்மை. நான் ஏன் மறுக்கப்போகிறேன்? ஜெர்மன் விருந்தாளிகள் முன்னால், ஓட்டல் முதலாளி பேசில் ஃபால்ட்டியாக நடித்த ஜான் கிளீஸ் அந்த நெட்டைக் காலைத் தூக்கித் தூக்கி நடந்ததைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இருந்தால், அவரைப் பட்டிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பன்னிரண்டில், டார்க்கி ஊரில் ஓட்டல் நடத்தும் பேசில் ஃபால்ட்டிக்கு என்னதான் நடந்தது? மனைவி திட்டுவார், பரிமாறும் மானுவல் அடி வாங்குவான், ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்வார், கடைசியில் மாட்டிக்கொள்வார். அடுத்த வாரம் போனால் ஓட்டல் பெயர்ப்பலகையில் எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கும், மற்றபடி எல்லாம் அப்படியே. எழுதியவர்கள் கிளீஸும் கோனி பூத்தும். கணவன் மனைவி. முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் நடுவில் அவர்களுக்கு மணமுறிவே ஆகிவிட்டது. அதன் தடம் திரையில் எங்காவது தெரிகிறதா? இல்லை. எதிரணியினர் இதைத் தொழில்நேர்த்தி என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்ததைக் கொஞ்சம் கேட்கட்டும்.

‘ஒன்லி ஃபூல்ஸ்’ நடப்பது தெற்கு லண்டனில், பெக்கம் பகுதியில். நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற, உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் அடுக்குமாடி. அம்மா இறந்துபோனார், அப்பா கைகழுவிவிட்டுப் போய்விட்டார். பதின்ம வயதிலேயே தம்பி ராட்னியைத் தூக்கி வளர்த்தவன் அண்ணன் டெல். கூடவே ஒரு தாத்தா. மூன்று சக்கர மஞ்சள் வேன், அதன் பக்கவாட்டில் நியூயார்க், பாரிஸ், பெக்கம் என்று எழுத்து! சந்தையில் ஒரு சூட்கேஸைத் திறந்து வைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத சரக்கை விற்பதுதான் தொழில். ‘அடுத்த வருஷம் இந்நேரம் நாம கோடீஸ்வரங்கடா’ என்று டெல் வருஷா வருஷம் சொல்வான். அம்மா இல்லாத வீட்டில் தம்பிக்கு அம்மாவாக இருக்கும் அண்ணனைத் தமிழ் அரங்கத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1984 டிசம்பர். நான்காம் தொகுதியின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தாத்தாவாக நடித்த லெனர்ட் பியர்ஸ் இறந்துபோகிறார். வேறொருவருக்கு அதே தொப்பியை மாட்டி நிறுத்தியிருக்கலாம். தாத்தா வெளியூர் போயிருக்கிறார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். எழுத்தாளர் ஜான் சலிவன் என்ன செய்தார் தெரியுமா? தாத்தாவின் இறுதிச் சடங்கையே அத்தியாயமாக எழுதினார். 1985 பிப்ரவரியில் அது ஒளிபரப்பானது. திரையில் டெல்லாகவும் ராட்னியாகவும் குழியோரம் நின்ற டேவிட் ஜேசனும் நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட்டும் சில வாரங்களுக்கு முன்புதான் நிஜமாகவே அந்த மனிதரை இழந்திருந்தார்கள்.

சரி, அழுகை வந்துவிட்டது. இனி எப்படிச் சிரிக்க வைப்பது? தாத்தாவின் தொப்பி என்று நினைத்து, கனத்த மனத்தோடு ஒரு தொப்பியைக் குழிக்குள் போடுகிறார்கள் சகோதரர்கள். சடங்கு முடிந்ததும் பாதிரியார் தன் தொப்பியைத் தேடுகிறார்! அதோடு விட்டாரா சலிவன்? துக்க வீட்டில் டெல் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து ராட்னிக்கு ஆத்திரம் பொங்குகிறது. அதற்கு டெல் சொல்லும் பதில் இருக்கிறதே! நான் இன்னும் அழவே தொடங்கவில்லை, எப்படித் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை, சிரித்தே காலத்தை ஓட்டியவன் என்றுதானே ஊரில் எனக்குப் பெயர் என்று கொட்டித் தீர்க்கிறான். அரை மணி நேர நகைச்சுவைக்குள் நடந்த சங்கதி இது. டார்க்கி ஓட்டலில் பிணம் வந்ததே என்று எதிரணி எழுந்து நிற்கும். வந்தது, ஐயா. அதைத் துணிக்கூடையில் ஒளித்தார்கள், நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். செத்தவர் யார் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

தாத்தா போன இடத்துக்கு வெள்ளைத் தாடியோடு ஆல்பர்ட் மாமா வந்தார். நடித்த பஸ்டர் மெரிஃபீல்ட் அதற்கு முன் வங்கி மேலாளராக இருந்தவர். வங்கியிலிருந்து இவ்வளவு நல்ல விஷயம் வெளியே வந்தது அபூர்வம்தான்.

கட்டமைப்பு, கணக்கு, கச்சிதம் என்றெல்லாம் எதிரணி அடுக்கியது. 1982இல் வந்த சரவிளக்கு அத்தியாயத்தைப் பார்த்திருக்கிறார்களா? பிரபுவின் மாளிகை. சரவிளக்கு துடைப்பதில் நாங்கள் நிபுணர்கள் என்று புளுகி உள்ளே நுழைகிறார்கள். டெல்லும் ராட்னியும் ஏணியில் ஏறி, ஒரு விளக்குக்குக் கீழே துணியை விரித்துப் பிடித்துக் காத்திருக்கிறார்கள். மேல் மாடியில் தாத்தா திருகாணியைக் கழற்றுகிறார். அவர் கழற்றியது பக்கத்து விளக்கின் திருகாணி. பின்னால் சட்டென்று விழுந்து சுக்குநூறு! அண்ணனும் தம்பியும் விரித்த துணியோடு அப்படியே உறைந்து நிற்கிறார்கள். ஒரே ஒரு விபத்துக்காக அரை மணி நேரம் செங்கல் செங்கலாக அடுக்கியிருக்கிறார் மனிதர். இதற்கு வித்து, பிளம்பரான சலிவனின் அப்பா வேலை பார்த்த இடத்தில் நிஜமாக நடந்த சம்பவம். கிளீஸ் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். சலிவன் பிபிசியில் செட் சாமான்களைத் தூக்கி நகர்த்தும் வேலையில் இருந்தவர். ஓட்டல் முதலாளி கீழே இருப்பவரைப் பார்த்து முகம் சுளிப்பதை முன்னவர் எழுதினார். பின்னவரோ கீழேயிருந்து மேலே ஏறத் துடிப்பவனை எழுதினார். தாட்சர் காலத்து லண்டனில் ஃபைலோஃபேக்ஸ் குறிப்பேடும் கையுமாகப் பணக்காரன் வேஷம் போட்டு, மதுக்கடையில் மிடுக்காகச் சாயப்போய், திறந்திருந்த கவுன்டர் இடைவெளியில் டெல் பலகைபோல் சரிகிறானே, 1989இல்! அந்தக் காலத்து ஆசை முழுக்க அந்த ஒரு விழுதலில் இருக்கிறது.

1996 டிசம்பர் 29. கராஜில் குப்பையோடு கிடந்த பழைய கடிகாரம் 62 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போகிறது. சகோதரர்கள் நிஜமாகவே கோடீஸ்வரர்கள்! அன்று பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர், ஏறக்குறைய நாட்டில் ஐந்தில் இரண்டு பேர். 2004இல் பிபிசி நடத்திய மக்கள் வாக்கெடுப்பில் எங்களுக்கு முதலிடம், ஃபால்ட்டிக்கு ஐந்தாமிடம். கூட்டத்தை வைத்துத் தரத்தை அளக்கலாமா என்று எதிரணி கேட்கும். முதல் தொகுதிக்குக் கூட்டமே இல்லை, ஐயா. பார்த்தவர் சொல்லி, மறுஒளிபரப்பில் சேர்ந்து, வருஷக்கணக்கில் வளர்ந்த கூட்டம் இது.

அவர்கள் எறியாமல் வைத்திருக்கும் கடைசிக் கல்லும் எனக்குத் தெரியும். 1996இல் முடிந்த கதையை 2001இல் மறுபடி தோண்டி, காசை எல்லாம் தொலைக்க வைத்து, மூன்று சிறப்பு அத்தியாயங்கள் எடுத்தார்களே என்பார்கள். எடுத்திருக்கக் கூடாது. எனக்கும் அவை பிடிக்காது. எங்கள் மொத்தம் 64 அத்தியாயங்களில் அந்த மூன்றையும் தள்ளுங்கள், இன்னும் வேண்டுமானால் முப்பதைத் தள்ளுங்கள். மிஞ்சுவதில் பன்னிரண்டை நான் எடுத்து, அவர்களுடைய பன்னிரண்டின் பக்கத்தில் வைக்கிறேன். சிரிப்பில் சரிக்குச் சரி. அதற்கு மேல் எங்கள் பக்கம் ஒரு சாவும் கல்யாணமும் குழந்தையும் இருக்கிறது, பிரிந்து சேர்ந்த அண்ணன் தம்பியும் இருக்கிறார்கள். இந்த மிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, முதலிடத்தைப் பெக்கத்துக்கும் இரண்டாமிடத்தை டார்க்கிக்கும் தர வேண்டும் என்று நடுவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.