பல்லிடுக்கில் ஒரு சர்க்கரைக் கட்டி

எல்லாருக்கும் வணக்கம். இப்போது எனக்குப் போர்த்தினீர்களே இந்தச் சால்வை, அதன் பேரே ஈரானின் பாரசீக மொழியிலிருந்து வந்ததுதான், அங்கே ஷால். அதனால் இன்றைய பேச்சை நீங்களே தொடங்கி வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஈரான் என்றால் எண்ணெய், அணு உலை, போர். அதையெல்லாம் தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள், நான் வேறு எதற்கு? நான் டீ பற்றிப் பேசப் போகிறேன்.

துபாயில் வேலை பார்த்த காலத்தில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு ஈரானியப் பெரியவர் மளிகைக் கடை வைத்திருந்தார். முதல் தடவை எனக்கு டீ கொடுத்தபோது, பக்கத்துத் தட்டில் இருந்த சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டேன். மனுஷர் ஒன்றும் பேசவில்லை. டம்ளரை வாங்கி அப்படியே கொட்டிவிட்டு, இன்னொன்று ஊற்றி, ஒரு கட்டியைத் தன் முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். டீ அந்தக் கட்டி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பால் கிடையாது. ஹைதராபாத்தில் இரானி சாய் என்று கொழகொழவென்று பாலோடு தருகிறார்களே, அதை அவருக்குக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பாரோ.

அந்தக் கட்டிக்குப் பேர் கந்த். நம் கற்கண்டில் வருகிற கண்டுக்குச் சொந்தம்தான் அது. அங்கே கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்கள் மாற்றி மாற்றி வந்து இரண்டு சர்க்கரைக் கூம்புகளை ஒன்றோடொன்று உரசுவார்கள், துணியில் சர்க்கரைத் தூள் பொலபொலவென்று விழும். வாழ்க்கை இனிக்கட்டும் என்று. நம் ஊர் அட்சதை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டீ, சர்க்கரை, கூடவே புகையிலை, இந்தச் சாமான்கள் அந்த நாட்டு அரசியலை எப்படி ஆட்டி வைத்தன என்பதுதான் விஷயம். முதலில் புகையிலை. 1890-ல் ஈரான் மன்னர் நாசருத்தீன் ஷா, நாட்டில் விளைகிற மொத்தப் புகையிலையையும் வாங்க, விற்க, ஏற்றுமதி செய்ய டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு 50 வருஷத்துக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். தன் வயலில் விளைந்ததை விவசாயி அவர் கம்பெனியிடம்தான் விற்றாக வேண்டும். அடுத்த வருஷம் டிசம்பரில், இன்றைய இராக்கிலுள்ள சமாராவில் இருந்த மீர்சா ஷிராஸி என்ற பெரிய மதகுருவின் பேரில் ஒரு ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வந்தது: புகையிலையைத் தொடக்கூடாது. ஊரே ஹூக்காவைத் தூக்கி எறிந்தது. அரண்மனை அந்தப்புரத்திலும் ஷாவின் மனைவிமார் தொட மறுத்துவிட்டார்கள் என்றால் பாருங்கள், ராஜா வீட்டுக்குள்ளேயே தோற்றுப்போனார். 1892 தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்து. ஆனால் அந்தக் கம்பெனிக்கு நஷ்ட ஈடு கொடுக்க 5 லட்சம் பவுண்டு கடன் வாங்க வேண்டி வந்தது. வெளிநாட்டுக்காரனிடம் ஈரான் பட்ட முதல் பெரிய கடன் அதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் சர்க்கரை. 1905-ல் ரஷ்யாவும் ஜப்பானும் சண்டை போட்டதில் ரஷ்யச் சர்க்கரை வரத்துக் குறைந்து விலை ஏறிவிட்டது. விலையைக் குறைக்கத் தெரியாத தெஹ்ரான் கவர்னர், டிசம்பரில் சர்க்கரை வியாபாரிகளைப் பிடித்து உள்ளங்காலில் அடிக்கச் சொன்னார். அடி வாங்கியதில் ஒருவர் ஊருக்குப் பள்ளிவாசல் கட்டிக் கொடுத்த வயதான மனிதர். பஜார் மூடியது. முதலில் அவர்கள் கேட்டது ஒரு நீதிமன்றம், அவ்வளவுதான். அது இழுத்துக்கொண்டே போய், 1906 கோடையில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு தொழில்காரருக்கும் தனித் தனிக் கூடாரம், அண்டா அண்டாவாகச் சமையல். புகையிலையை எந்த நாட்டுக்காரனிடமிருந்து மீட்டார்களோ அவன் வீட்டுத் தோட்டத்திலேயே போய்த் தஞ்சம் புகுந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்கள் கணக்குத் தப்பவில்லை. ஆகஸ்ட் 5-ம் தேதி அப்போதைய மன்னர் முசாஃபருத்தீன் ஷா நாடாளுமன்றம் அமைக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அடிபட்ட பாதத்திலிருந்து அந்தக் கையெழுத்து வரைக்கும் எட்டே மாதம்.

டீக்கு வருகிறேன். அங்கே டீக்கடைக்குப் பேர் இன்னமும் கஹ்வே கானே, அதாவது காப்பிக் கடை. காப்பி போய் டீ வந்தது, பெயர்ப் பலகையை யாரும் மாற்றவில்லை. டீத்தூள் எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது. இந்தியாவில் ஈரானின் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக இருந்த காஷிஃப் உஸ் சல்தனே என்பவர், இமயமலை அடிவாரத்துக் காங்ரா பக்கம் தேயிலை வேலையைப் பழகிக்கொண்டு, 1900-ஐ ஒட்டிச் சில ஆயிரம் கன்றுகளோடு ஊர் திரும்பி, காஸ்பியன் கரையோரம் லாஹிஜானில் நட்டார். பிரெஞ்சு வியாபாரி வேஷம் போட்டுத்தான் கற்றுக்கொண்டார் என்று ஒரு கதையும் உண்டு, நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சமாதிதான் இப்போது தேயிலை அருங்காட்சியகம்.

1920-களில் ஆட்சியைப் பிடித்த ரேசா ஷாவுக்கு ரயில் வேண்டும். காஸ்பியன் கடலிலிருந்து பாரசீக வளைகுடா வரை, 1,394 கிலோமீட்டர், நடுவே எல்போர்ஸ், ஜாக்ரோஸ் என்று இரண்டு மலைத்தொடர். காசுக்கு எங்கே போவது? அந்தப் புகையிலைக் கடனின் கசப்பு இன்னும் போகவில்லை, வெளியில் கை நீட்ட மனசில்லை. 1925-ல் சர்க்கரைக்கும் டீக்கும் வரி போட்டார்கள். யாராலும் விட முடியாத இரண்டு சாமான்கள் அல்லவா. ஏழை வீட்டில் ரொட்டிக்குத் துணை அந்த இனிப்பு டீதான், ரயிலில் ஏறவே போகாதவர்களும் அதற்குக் காசு கட்டினார்கள். 1938-ல் பாதை முடிந்தது. 2021-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாலங்களையும் சுரங்கங்களையும் படம் பிடிக்கிறவர்கள் யாரும் கந்த் கட்டியைப் படம் பிடிப்பதில்லை.

இன்றைக்கு எப்படி என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் பெரிய ஊழல் ஒன்று வெளியே வந்தது. ஒரே ஒரு கம்பெனிக்குச் சலுகை விலையில் 300 கோடி டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி போயிருந்தது. எதற்காக என்று வாங்கினார்கள் தெரியுமா? டீத்தூளும் அதற்கான இயந்திரங்களும் இறக்குமதி செய்ய.