துண்டு துண்டா கட்டுறது ஏன்? ரயில் பெட்டி, இன்சுலின், ரைபோசோம்

[திரையில்: சென்னை பெரம்பூர், ஐ.சி.எஃப். ஷெல் பிரிவு. கிரேனில் தொங்கியபடி ஒரு பெட்டியின் கூரை நகர்ந்து வருகிறது.]

பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ல, அதாவது ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில, 1955-ல இருந்து ரயில் பெட்டி கட்டுறாங்க. அங்க ஒரு பெட்டி, வீடு எழும்புற மாதிரி அடியில இருந்து வரிசை வரிசையா மேல எழும்புறதில்ல. அண்டர்ஃப்ரேம்ங்கிற அடிச்சட்டம் ஒரு இடத்துல தயாராகும். பக்கச் சுவர் ரெண்டும் இன்னொரு இடத்துல, படுக்க வச்ச நிலையில வெல்டிங் ஆகும். கூரை தனி. முனைச் சுவர் தனி. எல்லாம் தனித்தனியா முடிஞ்ச பிறகுதான் ஜிக்ங்கிற பெரிய இரும்புச் சட்டத்துக்குள்ள ஒவ்வொண்ணா இறங்கி, ஒரே கூடா மாறும். சீட்டு, ஒயரிங், ஜன்னல் எல்லாம் அதுக்கும் அப்புறம், ஃபர்னிஷிங் பிரிவுல.

ஏன் இப்படி? முதல் காரணம் பார்த்தாலே புரியும். சுவரைப் படுக்க வச்சா வெல்டர் குனிஞ்சு பார்த்து வேலை செய்யலாம், உருகின உலோகம் நிக்க வேண்டிய இடத்துல நிக்கும். அண்ணாந்து பார்த்து வெல்டிங் பண்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அதுல இருக்கிற கஷ்டம் தெரியும். ரெண்டாவது, நாலு குழு ஒரே நேரத்துல வேலை பார்க்கலாம். மூணாவது காரணத்துக்காகத்தான் இந்த வீடியோ. ஒரு சுவர்ல கோணல் வந்தா அந்தச் சுவர் மட்டும் ஓரமா போகும். முழுப் பெட்டியும் போகாது.

இது இரும்புக்கு மட்டும் உள்ள விஷயம் இல்ல. மூலக்கூறைக் கட்டுற வேதியியலாளருக்கு இதுதான் தலையாய கவலை. ஆலையில போல்ட் சரியா ஏறலைன்னா கழட்டி மறுபடி மாட்டலாம். குடுவைக்குள்ள கோடானுகோடி மூலக்கூறு ஒரே நேரத்துல வினைபுரியுது. அதுல நூத்துக்குப் பத்து சேராமப் போச்சுன்னா, அந்தப் பத்தை மட்டும் கையால எடுத்து சரி பண்ண வழி கிடையாது.

[திரையில்: 64 வண்ணக் கட்டைகள் ஒரே வரிசையில்.]

ஒரு கணக்குப் போடலாம். 64 துண்டு சேர்ந்து ஒரு மூலக்கூறு. ஒவ்வொரு இணைப்புலயும் 90 சதவீதம் தேறுதுன்னு வச்சுக்கோங்க. வேதியியல்ல அது நல்ல எண்தான். முதல் துண்டோட ரெண்டாவதைச் சேர்த்து, அதோட மூணாவதைச் சேர்த்துன்னு ஒண்ணொண்ணா போனா மொத்தம் 63 இணைப்பு. 0.9-ஐ 63 தடவை பெருக்கினா கடைசியில கையில மிஞ்சுறது 0.13 சதவீதம். ஆயிரம் மூலக்கூறுல ஆரம்பிச்சா ஒண்ணே ஒண்ணு முழுசா வந்து சேரும்.

[திரையில்: அதே 64 கட்டைகள் ஜோடி ஜோடியாகச் சேர்கின்றன.]

இப்போ அதே 64 துண்டை ஜோடி ஜோடியா சேருங்க. 32 ஜோடி. அந்த ஜோடிகளை ஜோடி சேர்த்தா 16. அப்புறம் 8, 4, 2, கடைசியில 1. இங்கயும் மொத்தம் 63 இணைப்புதான், வேலை ஒண்ணும் குறையல. ஆனா எந்த ஒரு துண்டும் ஆறே ஆறு இணைப்பைத்தான் தாண்டி வருது. 0.9-ஐ ஆறு தடவை பெருக்குங்க: 53 சதவீதம். ஆயிரத்துல ஒண்ணு எங்கே, பாதிக்கு மேல எங்கே! மாறினது சேர்க்கிற வரிசை மட்டும்தான். ஒண்ணொண்ணா போறதை நேர்கோட்டு முறைன்னும், தனித்தனியா செஞ்சு கடைசியில கொண்டுவந்து சேர்க்கிறதைக் குவிமுறைன்னும் வச்சுக்குவோம்.

அப்போ நேர்கோட்டு முறைக்கு வேலையே இல்லையா? நிச்சயமா இருக்கு. நியூயார்க்ல ராக்ஃபெல்லர் ஆய்வகத்துல புரூஸ் மெரிஃபீல்டு 1963-ல ஒரு வழி சொன்னார். புரதம்ங்கிறது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலியோட ஒரு முனையை சின்னப் பிசின் மணியில கட்டிட்டார். அடுத்த அமினோ அமிலத்தைத் தேவைக்கு மேலயே அள்ளி ஊத்துவார். ஒட்டினது மணியிலயே இருக்கும், ஒட்டாம மிஞ்சினதைக் கழுவி ஊத்திடலாம். மறுபடி அடுத்தது. நடுவுல வடிகட்டி, படிகமாக்கி, சுத்தம் பண்ற பாடே கிடையாது, அதனால இயந்திரமே இதைச் செய்யலாம். 1969-ல ரிபோநியூக்ளியேஸ்ங்கிற நொதியை, 124 அமினோ அமிலத்தை, அவரும் பெர்ண்ட் குட்டேயும் இப்படியே கட்டி முடிச்சாங்க. 369 வேதிவினை, இயந்திரத்துல 11,931 படி. மெரிஃபீல்டுக்கு 1984-ல நோபல் பரிசு கிடைச்சது.

ஆனா அந்த 124-க்கான கணக்கை உத்துப் பாருங்க. இணைப்பு 123. ஒவ்வொண்ணும் 99 சதவீதம் தேறினாக்கூட கடைசியில சரியா இருக்கிறது 29 சதவீதம். 99.5-ஆ உயர்த்தினா 54. மிச்சம் இருக்கிறது குப்பையா இருந்தா தூக்கிப் போட்டுடலாம். அதுதான் இல்ல. அதுல பெரும்பகுதி, நடுவுல எங்கயோ ஒரே ஒரு அமினோ அமிலம் மட்டும் விட்டுப்போன சங்கிலி. 124-க்குப் பதிலா 123. எடையும் கிட்டத்தட்ட அதே, கரையுற விதமும் கிட்டத்தட்ட அதே. பிரிச்செடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிடும்.

குவிமுறையோட உண்மையான பலம் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், வெறும் சதவீதக் கணக்குல இல்ல. பத்து அமினோ அமிலம் உள்ள துண்டுல ஒண்ணு குறைஞ்சா ஒன்பது. பத்துக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சுனு தெரியும், அங்கயே சுத்தம் பண்ணிடலாம். அப்புறம் ரெண்டு பத்தைச் சேர்த்தா இருபது. சேராம நின்னது இன்னும் பத்தாவே இருக்கும். இருபதையும் பத்தையும் பிரிக்கிறது எவ்வளவோ சுலபம். தப்பைச் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிடலாம். இன்னைக்குச் சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் பரவலா பேசப்படுற டிர்செபடைடு மருந்து 39 அமினோ அமிலச் சங்கிலி. அதைக் கிலோ கணக்குல தயாரிக்க எலி லில்லி நிறுவனத்து வேதியியலாளர்கள் 2021-ல வெளியிட்ட வழி இதுதான்: மெரிஃபீல்டு முறையில நாலு துண்டு, அப்புறம் அந்த நாலையும் கரைசல்ல இணைக்கிறது. ரெண்டு முறையும் ஒரே மருந்துக்குள்ள கைகோக்குது.

சரி, எல்லாத்தையும் துண்டு போட்டா பிரச்சனை தீர்ந்துச்சா? தீராது. அதுவரைக்கும் 63 இடத்துல சிதறிக் கிடந்த சிக்கல் எல்லாம் இப்போ கடைசி இணைப்புல வந்து குவியும். அந்த ஒரு இணைப்பு தவறினா, ரெண்டு பக்கத்து உழைப்பும் சேர்ந்து வீணாகும்.

[திரையில்: இன்சுலினின் இரண்டு சங்கிலிகள், நடுவில் கந்தகப் பாலங்கள்.]

இதை முன்கூட்டியே உணர்ந்து வேலை செஞ்சவங்க, 1958-ல இன்சுலினைச் செயற்கையா செய்ய இறங்கின சீன விஞ்ஞானிகள். இன்சுலின்ல ரெண்டு சங்கிலி. ஏ-யில 21 அமினோ அமிலம், பி-யில 30. ரெண்டையும் கந்தக அணுக்களால ஆன ரெண்டு பாலம் பிடிச்சு வச்சிருக்கு, ஏ சங்கிலிக்குள்ளயே மூணாவதா ஒரு பாலம். ரெண்டு சங்கிலியையும் தனித்தனியா செஞ்சு கடைசியில சேர்க்கலாம்னு திட்டம். ஆனா சேருமா? ஆறு கந்தகம் இருக்கு, யார் யாரோட வேணும்னாலும் கை கோக்கலாம். பல வருஷம் பாடுபட்டு ரெண்டு சங்கிலியையும் செஞ்சு முடிச்ச பிறகு, சேரலைன்னா?

அதனால அவங்க கடைசி இணைப்பை முதல்ல எடுத்துக்கிட்டாங்க. இயற்கையா கிடைச்ச இன்சுலினை எடுத்து, பாலங்களை உடைச்சு, ரெண்டு சங்கிலியாப் பிரிச்சு, மறுபடி சேர்த்துப் பார்த்தாங்க. 1959-ல அது பலிச்சது. வேலை செய்யுற இன்சுலின் திரும்பக் கிடைச்சது. அதுக்கப்புறம்தான் பி சங்கிலியை ஷாங்காய் உயிர்வேதியியல் நிறுவனமும், ஏ சங்கிலியை ஷாங்காய் கரிம வேதியியல் நிறுவனமும் பீக்கிங் பல்கலைக்கழகமும் பங்கு போட்டுக்கிட்டது. 1965 செப்டம்பர் 17 அன்னைக்கு, முழுக்க முழுக்க ஆய்வகத்துலயே உருவான இன்சுலின் படிகங்கள் கையில கிடைச்சது. பிற்பாடு 1978-ல ஜெனன்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகமும் பாக்டீரியாவை வச்சு மனித இன்சுலின் செஞ்சப்போவும் இதே வழிதான்: ஏ ஒரு பாக்டீரியாவுல, பி இன்னொண்ணுல, இணைப்பு வெளியில.

வைட்டமின் பி12 கதையும் இந்த ரகம். ஹார்வர்டுல ராபர்ட் உட்வர்ட் ஒரு பாதியை, ஜூரிக்ல ஆல்பர்ட் எஷென்மோசர் மறு பாதியை எடுத்துக்கிட்டாங்க. பி12-க்கு முந்தின கட்டத்து மூலக்கூறான கோபைரிக் அமிலம் வரைக்கும் போய்ச் சேர்ந்தா போதும், அங்கிருந்து பி12 வரைக்குமான கடைசி வழி திறந்திருக்குன்னு 1960-லயே வேற குழு காட்டியிருந்தது. உட்வர்ட் இந்த வேலையை விளக்கிப் பேசின மேடை எது தெரியுமா? 1972 பிப்ரவரியில புது டெல்லியில நடந்த இயற்கைப் பொருள் வேதியியல் மாநாடு.

[திரையில்: துலூஸ். ஏ380 விமானத்தின் உடல் பகுதிக்குள் தொங்கும் ஒயர் கட்டுகள்.]

இணைப்பை முன்னாடியே சோதிக்காம விட்டா என்ன ஆகும்? ஏர்பஸ் ஏ380. உடல் பகுதிகள் ஜெர்மனியோட ஹாம்பர்க்ல இருந்தும் பிரான்ஸ்ல இருந்தும், இறக்கை பிரிட்டன்ல இருந்தும், வால் பகுதி ஸ்பெயின்ல இருந்தும் வந்து துலூஸ்ல சேரணும். ஒவ்வொரு பாகமும் அதனதன் இடத்துல நல்லாத்தான் உருவாச்சு. ஒரு விமானத்துக்குள்ள ஓடுற ஒயர் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல. துலூஸ்ல அந்த ஒயர் கட்டுகளை இழுத்து அடுத்த பகுதியோட மாட்டப் போனா, நீளம் எட்டல. ஜெர்மனியிலயும் ஸ்பெயின்லயும் வடிவமைப்பு மென்பொருளோட பழைய பதிப்பு, பிரான்ஸ்லயும் பிரிட்டன்லயும் புதிய பதிப்பு. ஒரு பக்கம் செஞ்ச திருத்தம் இன்னொரு பக்கத்துக்குச் சரியா போய்ச் சேரல. அலுமினிய ஒயர் செம்பு ஒயர் மாதிரி வளையாதுங்கிறதும் கணக்குல சரியா ஏறல. 2006-ல தாமதத்தை அறிவிச்சாங்க. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர்ல. அதுக்கப்புறமும் உற்பத்தி வேகமெடுக்க நாளாச்சு. எந்தப் பாகமும் மோசமில்ல. பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த எல்லைக்கு மட்டும் பொறுப்பா ஒருத்தரும் இல்ல.

இன்சுலின் குழு மாதிரியே யோசிச்ச இன்னொரு குழு, அமெரிக்காவுல கிரெய்க் வென்டர் நிறுவனம். 2010-ல ஒரு பாக்டீரியாவோட மரபணுத்தொகுப்பு முழுசையும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகளை, செயற்கையா கட்டினாங்க. 1,080 எழுத்து கொண்ட 1,078 துண்டு. ஒவ்வொரு துண்டோட முனையும் பக்கத்துத் துண்டோட 80 எழுத்து ஒத்துப்போகும். அந்த 80-தான் இணைப்பு. ஈஸ்ட் செல்லுக்குள்ள பத்துப் பத்தா சேர்த்து 109. அதைச் சேர்த்து 11. அந்தப் பதினொண்ணைச் சேர்த்து ஒண்ணு.

முழுசையும் கட்டி செல்லுக்குள்ள வச்சா, உயிர் வரல. பத்து லட்சம் எழுத்துல எங்கே தேடுறது? துண்டு போட்டது இங்கதான் கைகொடுத்தது. பதினொரு பெரிய துண்டுல ஒவ்வொண்ணையும் இயற்கையான மத்த துண்டுகளோட கலந்து வச்சுப் பார்த்தாங்க. ஒரே ஒரு துண்டு வர்றப்போ மட்டும் செல் பிழைக்கல. அந்தத் துண்டுக்குள்ள தேடினா, டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கி வைக்கிற அத்தியாவசியமான ஒரு மரபணுவுல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சரி பண்ணினதும் செல் வளர ஆரம்பிச்சது. இதே தொகுப்பை நேர்கோட்டுல கட்டியிருந்தா அந்த ஒரு எழுத்தை எப்படித் தேடியிருப்பாங்கன்னு என்னால நினைச்சே பார்க்க முடியல.

[திரையில்: புகையிலை மொசைக் வைரஸ், மின்னணு நுண்ணோக்கிப் படம்.]

இதுவரைக்கும் பார்த்த எல்லாத்துலயும் சேர்க்கிற கை ஒண்ணு இருந்தது. செல்லுக்குள்ள அப்படி ஒரு கை கிடையாது. 1955-ல பெர்க்லியில ஹைன்ஸ் ஃபிரெங்கல்-கொன்ராட்டும் ராப்லி வில்லியம்ஸும் புகையிலை மொசைக் வைரஸை, அதோட மரபுத் தகவல் இருக்கிற ஆர்.என்.ஏ. தனியா, புரதம் தனியா பிரிச்சு, திரும்பக் கலந்தாங்க. சுமார் 2,130 புரதங்கள் ஆர்.என்.ஏ.-வைச் சுத்தித் தானா வரிசைப்பட்டு, இலையில நோய் உண்டாக்குற வைரஸாவே திரும்ப எழும்பிச்சு.

செல்லுக்குள்ள புரதங்களைக் கட்டுற இயந்திரமான ரைபோசோம் இன்னும் நுணுக்கமானது. 1968-ல விஸ்கான்சின்ல பீட்டர் டிராவுபும் மசயாசு நொமுராவும், பாக்டீரியா ரைபோசோமோட சின்னப் பாதியை, ஒரு ஆர்.என்.ஏ.-வும் இருபதுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்ததை, சோதனைக் குழாய்க்குள்ள மறுபடி கட்டினாங்க. அங்க தெரிஞ்சது: தானா சேர்றதுக்கும் வரிசை உண்டு. சில புரதம் நேரா ஆர்.என்.ஏ.-ல ஒட்டும். சிலது அந்த முதல் ஆட்கள் வந்து உக்காந்த பிறகுதான் வரும். குளிர்ச்சியா வச்சிருந்தா பாதியிலயே நின்னுடும். 40 டிகிரி வரைக்கும் சூடாக்கினா அந்தப் பாதி உருவம் மடிஞ்சு மாறி, மிச்சப் புரதங்களுக்கு இடம் கொடுக்கும்.

செல்லுக்குள்ள அப்படி ஒரு சூடு தேவைப்படுறதில்ல. ஆர்.என்.ஏ. முழுசா உருவாகி முடியறதுக்கு முன்னாடியே, வெளிய வந்த முனையில முதல் புரதங்கள் ஒட்ட ஆரம்பிச்சிடும். சரியா மடிய உதவுற துணைப் புரதங்கள் வந்து பிடிச்சுக்கிட்டு, அந்தக் கட்டம் முடிஞ்சதும் விலகிடும். அந்தத் துணைப் புரதங்கள்ல சிலதை நீக்கிட்டா, பாதி கட்டின ரைபோசோம் செல்லுக்குள்ள தேங்க ஆரம்பிக்கும், பாக்டீரியாவும் மெதுவாத்தான் வளரும். அந்தத் தேக்கத்தை மருந்தால உண்டாக்க முடிஞ்சா அது புது வகை ஆன்டிபயாட்டிக்கா ஆகுமான்னு இப்போ ஆய்வகங்கள் தேடிக்கிட்டிருக்கு.